மூட்டு வைத்த வேளையின் வெப்பத்தை எழுதி வையுங்கள்

தமிழ்நாட்டில் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களை வடிவமைக்கிற, ஒப்பந்தப்புள்ளி தயாரிக்கிற, தளத்தில் நின்று மேற்பார்வை செய்கிற பொறியாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

உங்கள் அலுவலக அலமாரியில் இருக்கும் ஏதாவது ஓர் எஃகுக் குழாய்ப் பாதையின் அளவுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். எந்தத் தொலைவில் எந்தக் குழாய் பள்ளத்தில் இறங்கியது, தகட்டின் கனம் எவ்வளவு, பற்றவைத்த வெல்டரின் எண் என்ன, எந்த மூட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள், மேல்பூச்சு எத்தனை சுற்று என்று எல்லாம் அதில் இருக்கும். இரண்டு பக்கமிருந்தும் வந்த குழாய்களைச் சேர்த்துக் கடைசி மூட்டை வைத்தபோது அந்த இரும்பு எவ்வளவு சூடாக இருந்தது என்பது மட்டும் இருக்காது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் குழாய்ப் பாதைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வரி இல்லாததன் விலை என்ன என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த விலையைக் கொடுத்தவன் நானல்ல, ஒரு வெல்டர். அதனால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் இது எனக்குள் ஆறாமல் கிடக்கிறது.

தொண்ணூறுகளில் ஒரு கோடை. தென் மாவட்டம் ஒன்றில் 900 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாய் பதித்துக்கொண்டிருந்தோம். தகட்டின் கனம் 8 மில்லிமீட்டர். இரண்டு முனைகளிலிருந்தும் தனித்தனிக் குழுக்கள் வேலை செய்து நடுவில் வந்து சேர்ந்தன. இணைப்பு வைக்க வேண்டிய இடத்தின் இருபுறமும் சில நூறு மீட்டர் குழாய், மண் மூடாமல் பள்ளத்தில் திறந்து கிடந்தது. கத்திரி வெயில், மதியம் இரண்டரை மணி. அளவெடுத்து வெட்டிய துண்டை வைத்து, மேலே காலர் (மூட்டைச் சுற்றி அணைக்கும் எஃகு வளையம்) போட்டுப் பற்றவைத்தார்கள். வெல்டர் குழாயின்மேல் ஈரச் சாக்கை விரித்து அதன்மேல் உட்கார்ந்து வேலை செய்தார். சாக்கு காயக் காய உதவியாளர் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். மூட்டு அழகாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

பள்ளத்தை மூடி, ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் விட்டோம். அன்றிரவே அந்தக் காலரின் ஓரத்தில், பற்றவைப்பு தகட்டோடு சேரும் விளிம்பான அடிக்காலோடு, சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு வெடிப்பு ஓடியது. பக்கத்துப் பருத்திக் காடு தண்ணீரில் நின்றது. அந்தப் பாதையை நம்பியிருந்த ஊர்களுக்கு நான்கு நாள் தண்ணீர் இல்லை. விசாரணை அரை நாளில் முடிந்தது. "வெல்டிங் கோளாறு" என்று எழுதினார்கள். அந்த வெல்டரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவர் என்னிடம் வந்து, "ஐயா, நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. பதில் கிடைத்தபோது அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை.

அந்தப் பதில் எங்கள் ஊர்க் கொல்லுப் பட்டறையில் சிறு வயதிலேயே என் கண்ணெதிரே இருந்தது. மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா ஏற்றுவதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிதாகப் பட்டாவை வளைத்து ஒட்டுவார் ஆசாரி. வரட்டியை வட்டமாக அடுக்கித் தீ மூட்டி அதைப் பழுக்கக் காய்ச்சுவார்கள். விரிந்த பட்டாவை இரண்டு பேர் இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தில் மாட்டுவார்கள், உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். புகையும் ஆவியுமாகப் பட்டா சுருங்கும்போது வட்டையும் ஆரக்காலும் குடமும் முறுமுறுவென்று நெருங்கி இறுகும் ஓசை தெருமுனை வரை கேட்கும். ஓர் ஆணிகூட இல்லாமல் அந்தப் பட்டா ஆண்டுக்கணக்கில் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

அன்று நாங்கள் செய்ததும் அதே வேலைதான். சூடான இரும்பை நீளவாக்கில் பூட்டினோம். மண்ணைப் போட்டு மூடி அது நகர முடியாதபடி செய்தோம். பிறகு குளிர்ந்த தண்ணீரை உள்ளே விட்டோம். அது சுருங்கப் பார்த்தது, சுருங்க இடமில்லை. ஆசாரிக்கு அந்த இறுக்கம் வேண்டியிருந்தது, அதனால் கணக்குப் போட்டு வரவழைத்தார். எங்களுக்கு அது வேண்டியதில்லை, ஆனால் கணக்கும் போடவில்லை.

கணக்கு ஒன்றும் கடினமானதல்ல. எஃகு ஒரு டிகிரி செல்சியஸுக்கு மீட்டருக்கு 0.012 மில்லிமீட்டர் நீளும். நூறு மீட்டர் குழாயில் 30 டிகிரி மாறினால் 36 மில்லிமீட்டர். விரிய விட்டால் இவ்வளவுதான். விரிய விடாமல் பிடித்து வைத்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2.4 நியூட்டன் தகைவு, அதாவது பரப்பளவுக்கு இவ்வளவு என்று இரும்புக்குள் எழும் விசை, ஏறும். இதில் குழாயின் நீளத்துக்கு வேலையே இல்லை. பத்து மீட்டரானாலும் பத்துக் கிலோமீட்டரானாலும் பிடித்து வைத்த இரும்பில் ஏறும் தகைவு ஒன்றுதான். பாதை நீளமில்லையே, இதற்கெல்லாம் கணக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

எங்கள் குழாய்க்கு வருகிறேன். அதன் தகட்டுக் குறுக்குப் பரப்பு சுமார் 22,600 சதுர மில்லிமீட்டர். மூட்டு வைத்தபோது இரும்பு 50 டிகிரியில் இருந்ததாகவும், உள்ளே வந்த தண்ணீர் 27 டிகிரியில் இருந்ததாகவும் வைத்துக்கொள்வோம். 23 டிகிரி வீழ்ச்சி, சதுர மில்லிமீட்டருக்கு 55 நியூட்டன். மொத்தம் ஏறக்குறைய 127 டன் இழுவை. இதோடு உள்ளழுத்தம் வேறு. அழுத்தத்தில் குழாய் குறுக்கே உப்பும்போது நீளவாக்கில் குறுகப் பார்க்கும். பிடித்து வைத்த குழாயில் அதுவும் இழுவையாகவே வந்து சேரும். சதுர சென்டிமீட்டருக்கு எட்டு கிலோ அழுத்தத்துக்கு அது இன்னொரு முப்பது டன். ஆக அந்தக் காலரை நூற்றைம்பது டன்னுக்கு மேல் இழுத்திருக்கிறது. நேராக நிற்கும் தகட்டுக்கு இது தாங்கக்கூடிய சுமைதான். காலர் மூட்டில் இழுவை நேர்கோட்டில் போவதில்லை. குழாயிலிருந்து மேலே ஏறிக் காலர் வழியாகப் போய் மறுபடி கீழே இறங்குகிறது. ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் தகட்டை வளைக்கிறது. அந்த வளைவு முழுவதும் பற்றவைப்பின் அடிக்காலில் போய் உட்காருகிறது. வெடித்ததும் அங்கேதான்.

இரும்பு 50 டிகிரியில் இருந்ததாக "வைத்துக்கொள்வோம்" என்று எழுதினேன், கவனித்தீர்களா? அன்று அது 45 ஆக இருந்ததா, 60 ஆக இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அளக்கவில்லை. அளந்து எழுதியிருந்தால் அந்த எண்ணை விசாரணை அதிகாரியின் மேசையில் வைத்திருப்பேன், ஒரு தொழிலாளியின் பிழைப்பு தப்பியிருக்கும். என்னிடம் இருந்ததெல்லாம் ஓர் ஈரச் சாக்கின் நினைவு மட்டும்தான்.

இப்போது உங்களில் பலர் 900 மில்லிமீட்டரோடு நிற்பதில்லை. வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்கு 235 கிலோமீட்டர் தூரம் குழாயில் தண்ணீர் வரத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவ்வளவு நீள எஃகைக் கட்டுப்பாடில்லாமல் தரையில் கிடத்தினால், பத்தே டிகிரி மாற்றத்துக்கு 28 மீட்டர் நீளும். அந்த 28 மீட்டரை மண்ணின் பிடி ஒன்றே அடக்கி வைக்கிறது. விட்டம் ஒன்றரை மீட்டர், தகடு 10 மில்லிமீட்டர் என்று ஒரு குழாயை எடுத்துக்கொண்டால், மாறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் பதினொன்றரை டன் விசை. முப்பது டிகிரிக்கு 345 டன். வால்வைப் பொருத்தி வைக்கும் கான்கிரீட் அறையான வால்வுத் தொட்டியின் சுவருக்கு இது தெரியுமா? அந்தத் தொட்டியின் வரைபடத்தைப் போட்டவருக்குத் தெரியுமா?

வால்வுத் தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குழாய் மண்ணுக்குள் போய்விட்டது, இனி வெப்பத்தைப் பற்றிக் கவலையில்லை என்று சொல்லாத பொறியாளரை நான் பார்த்ததில்லை. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதையின் நடுப்பகுதிக்கு அது சரி. இருபுறமும் மண் பிடித்திருக்கிறது, இரும்பு நகராது, தகைவு மட்டும் ஏறி இறங்கும். குழாய் மண்ணை விட்டு வெளியே வரும் முனையில் கதை வேறு. அங்கே எதிரே பிடிக்க ஆளில்லை. நான் சொன்ன ஒன்றரை மீட்டர் குழாய் 1.2 மீட்டர் ஆழத்தில் சாதாரண மண்ணில் கிடக்கிறது, மாற்றம் 30 டிகிரி என்றால், முனையிலிருந்து ஏறத்தாழ 130 மீட்டர் தூரத்துக்குக் குழாய் மண்ணை உரசிக்கொண்டு நகரும். முனையில் அந்த நகர்வு 24 மில்லிமீட்டர் அளவுக்கு வரும். தொட்டிச் சுவரில் குழாயைச் சுற்றிக் கான்கிரீட்டை அடைத்துவிட்டு, உள்ளே பட்டாம்பூச்சி வால்வை இறுக்கிப் பூட்டிவிட்டுப் போகிறோமே, அந்த 24 மில்லிமீட்டர் எங்கே போகும்? சுவரில் விரிசலாகவோ, விளிம்புப் பட்டையில் கசிவாகவோ, வால்வின் உடம்பில் கோணலாகவோதான் போகும். பிறகு ஆண்டுதோறும் கேஸ்கெட் மாற்றிக்கொண்டிருப்போம்.

இதே நாட்டில், இதே வெயிலில், இதே எஃகை வைத்து வேலை செய்யும் இன்னொரு துறை இருக்கிறது. ரயில்வே. முன்பு தண்டவாளங்களுக்கு இடையே இடைவெளி விட்டு மீன்தகடு போட்டுப் பூட்டினார்கள். அந்தக் கடகட ஓசை நம் தலைமுறைக்கு மறக்காது. இப்போது நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம், இடைவெளி கிடையாது. விரியத் துடிக்கும் இரும்பை ஸ்லீப்பரும் ஜல்லியும் பிடித்து வைத்திருக்கின்றன, நம் குழாயை மண் பிடித்து வைத்திருப்பதுபோல. ஆனால் எந்த வெப்பநிலையில் அந்தத் தண்டவாளத்தின் இறுக்கத்தைத் தளர்த்தி மறுபடி பூட்டினார்கள் என்பது பதிவேட்டில் இருக்கும், பாதை ஓரத்திலும் எழுதியிருக்கும். அளப்பது காற்றின் வெப்பத்தை அல்ல, தண்டவாள இரும்பின் வெப்பத்தை. அந்தப் பூட்டு வெப்பநிலையைவிட 20 டிகிரி கூடினால் வெயில்காலக் காவலுக்கு ஆள் நடக்கிறார். முனைகளில் இருக்கும் விரிவு இணைப்பின் இடைவெளியை அளந்து குறித்து வைக்கிறார்கள். கத்திரி வெயிலில் பாதையில் நடக்கிற தொழிலாளிக்குத் தம் காலடியில் இருக்கும் இரும்பு எந்த வெப்பத்தில் நிம்மதியாக இருந்தது என்பது தெரியும். பல கோடி ரூபாய்க் குடிநீர்ப் பாதையின் பொறுப்பில் இருக்கும் நமக்குத் தெரியாது. இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. செய்ய முடியாத காரியம் அல்ல என்பதற்கு அவர்களே சாட்சி.

நமக்கு ஏன் இந்தப் பழக்கம் வரவில்லை என்று யோசித்திருக்கிறேன். நம்மில் பெரும்பாலோர் வார்ப்பிரும்புக் குழாயிலும், எளிதில் உடையாத வார்ப்பிரும்பான டிஐ குழாயிலும் தொழில் கற்றவர்கள். டிஐ குழாயில் ஆறு மீட்டருக்கு ஒரு ரப்பர் வளைய மூட்டு வந்துவிடும். ஆறு மீட்டர் இரும்பு 30 டிகிரிக்கு இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தால் அந்த மூட்டே விழுங்கிக்கொள்ளும். வெப்பத்தைப் பற்றி யாரும் நினைக்க வேண்டியதில்லை, யாரும் நினைத்ததும் இல்லை. பிறகு விட்டம் பெருகி, அழுத்தம் கூடி, பற்றவைத்த எஃகுக் குழாய்க்கு வந்தோம். பொருள் மாறியது, மூட்டு மாறியது, நம் கண் மாறவில்லை.

தரைக்கு மேலே போகும் பகுதிகளில் இது இன்னும் கண்கூடாகத் தெரியும். ஆற்றைத் தாண்டும் 90 மீட்டர் பாலக் குழாய் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மார்கழி விடியலில் இரும்பு 22 டிகிரி. கோடையில் ஏரி வற்றி, குழாய் காலியாகக் கிடக்கும் மதியத்தில் 60 டிகிரி. தண்ணீர் ஓடும்போது குழாய் தண்ணீரின் வெப்பத்தை ஒட்டியே இருக்கும், அதனால் பெரிய ஆபத்தில்லை. காலியாகக் கிடக்கும்போதுதான் அது வெயிலின் வசம் போகிறது. நம் வடிவமைப்பு அறிக்கைகளில் ஓடும் குழாய்க்குத்தான் கணக்கு இருக்கும், காலிக் குழாய்க்கு இருக்காது. 38 டிகிரி வித்தியாசத்துக்கு அந்த 90 மீட்டர் 41 மில்லிமீட்டர் நகர வேண்டும். அதற்காக நடுநிலையிலிருந்து இருபக்கமும் 25 மில்லிமீட்டர் போகக்கூடிய விரிவு மூட்டு ஒன்றை வாங்குகிறோம். சரியான தேர்வு. அதை 40 டிகிரியில் நடுநிலையில் வைத்துப் பூட்டினால் எல்லாம் சுகம். அதையே மதியம் 55 டிகிரியில் நடுநிலையில் வைத்துப் பூட்டினால் மார்கழியில் 35 மில்லிமீட்டர் பின்வாங்க வேண்டும். மூட்டால் 25தான் முடியும், பத்து மில்லிமீட்டர் குறைகிறது. பொருள் தரமானது, கணக்கு சரியானது, பூட்டிய நேரம் தவறு. எஃகுக் குழாய் பதிப்பதற்கான நம் நாட்டு நெறிமுறை ஐஎஸ் 5822 இருக்கிறது. மூட்டைப் பொருத்தும் வேளையில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதை வெப்பநிலையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்பது குழாய்ப் பாதைக்காரர்கள் நெடுங்காலமாக அறிந்த விதி. தெரியாமல் அல்ல, தளத்தில் யார் கையிலும் வெப்பமானி இல்லாததால் அது காகிதத்திலேயே நின்றுவிடுகிறது.

விரிவு மூட்டு வைத்தால் போதும் என்று நினைப்பதும் ஆபத்து. நழுவும் மூட்டுக்கு நீளவாக்கில் பிடி கிடையாது. ஒன்றரை மீட்டர் குழாயில் பத்து கிலோ அழுத்தம் இருந்தால் அந்த மூட்டைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும் விசை 180 டன். அதைத் தாங்கும் கான்கிரீட் கட்டு இரு பக்கமும் இருந்தால்தான் விரிவு மூட்டுக்கு அர்த்தம். இன்னொன்றும் பல இடங்களில் பார்த்தேன். ஆலையிலிருந்து லாரியில் வரும்போது மூட்டு அசையாமல் இருக்கப் பூட்டி அனுப்பும் கம்பிகளைப் பொருத்திய பிறகும் கழற்றாமல், அதன்மேலேயே பெயின்ட் அடித்து விட்டுவிடுகிறார்கள். உருளை வைத்த தாங்கிகளில் சிமெண்டுக் கலவை விழுந்து உறைந்து போயிருக்கும். விரியச் சொல்லிக் கொடுத்த இடத்தை நாமே பூட்டி வைத்திருக்கிறோம்.

வெயில் குழாயின் ஒரு பக்கத்தை மட்டும் சுடுவதையும் மறக்கக் கூடாது. பள்ளத்தின் ஓரத்தில் 30 மீட்டர் நீளத்துக்குச் சேர்த்து வைத்த ஒன்றரை மீட்டர் குழாயின் முதுகு அடிவயிற்றைவிட 15 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், நடுப்பகுதி பதின்மூன்று மில்லிமீட்டர் வில்லாக மேலெழும்பும். காலையில் மட்டம் பார்த்த குழாய் மதியம் மட்டமாக இல்லை என்று இளம் பொறியாளர்கள் மேஸ்திரியோடு சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். மேஸ்திரி சொல்வது உண்மைதான். அவர் வைத்தபோது அது மட்டமாகத்தான் இருந்தது.

அழுத்தச் சோதனையில் நடக்கும் ஒரு தகராறையும் இங்கே சொல்லிவிடுகிறேன், உங்களில் சிலருக்கு உடனே பயன்படும். இரு முனையும் அடைத்து, காற்றை முழுதும் வெளியேற்றி, தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றி வைத்திருக்கிறோம். மாலையில் பார்த்த அழுத்தம் விடியலில் குறைந்திருக்கிறது. கசிவு என்று முடிவுகட்டிப் பள்ளம் தோண்டத் தொடங்குகிறோம். தண்ணீர் எஃகைவிடப் பல மடங்கு விரியும் பொருள். நான் சொன்ன ஒன்றரை மீட்டர் குழாயில் அடைபட்ட தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் அழுத்தம் இரண்டு கிலோவுக்கு மேல் இறங்கும். பகலில் ஒரு டிகிரி சூடேறினால் அதே அளவு ஏறும். திறந்து கிடக்கும் குழாயில் மதியச் சோதனை செய்து மானி ஏறுவதைப் பார்த்து மகிழ்ந்தவர்களும் உண்டு, அந்த ஏற்றத்தில் உண்மையான கசிவு மறைந்து போனதும் உண்டு. சோதனைத் தாளில் தொடக்கத்திலும் முடிவிலும் தண்ணீரின் வெப்பநிலையை எழுதுங்கள். அது இல்லாத சோதனைத் தாள் எதையும் நிரூபிப்பதில்லை.

உலகில் இந்தத் தொல்லையை முதலில் சந்தித்தவர்கள் நாமல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்கு அருகில் உள்ள மண்டாரிங் அணையிலிருந்து கல்கூர்லி தங்கவயல் வரை, வறண்ட நிலத்தின் குறுக்கே 500 கிலோமீட்டருக்கு மேல் எஃகுக் குழாய் போட்டார்கள். 30 அங்குல விட்டம், ஈயம் அடைத்த மூட்டுகள், 1903 ஜனவரியில் கல்கூர்லிக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. பெரும்பாலும் பள்ளத்தில் புதைத்திருந்தார்கள். வெயிலிலிருந்து மண் அதைக் காத்தது, ஆனால் உப்பு மண் அதை அரித்தது. கசிவு தாங்காமல் 1930களில் குழாயைத் தரைக்கு மேலே தூக்கிப் பற்றவைத்த மூட்டுகளுக்கு மாற்றினார்கள். மண்ணுக்குள் இருந்தால் துருவுக்குப் பதில் சொல்ல வேண்டும், மேலே வந்தால் வெயிலுக்குப் பதில் சொல்ல வேண்டும். எங்கே வைத்தாலும் யாருக்காவது பதில் சொல்லியே தீர வேண்டும் என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டு வேலை செய்தார்கள். அந்தப் பாதை இன்றும் தண்ணீர் கொடுக்கிறது.

இனி உங்களில் சிலர் மனத்தில் எழும் எதிர்ப்புக்கு வருகிறேன். வெயிலில் வேலையை நிறுத்தினால் ஒப்பந்தக் காலம் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். வேலையை நிறுத்தச் சொல்லவே இல்லை. அமெரிக்க நீர்ப்பணிச் சங்கம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் வழி ஒன்று உண்டு. பற்றவைத்த பாதையில் சுமார் 120 முதல் 150 மீட்டருக்கு ஒரு மூட்டை மட்டும், ஒன்றன்மேல் ஒன்று தாராளமாக ஏறியிருக்கும்படி வைத்து, பற்றவைக்காமல் விட்டுவிட வேண்டும். மற்ற மூட்டுகளை எந்த நேரத்திலும் முடிக்கலாம். இடைப்பட்ட குழாயை மண் போட்டு மூடிய பிறகு, நாளின் மிகக் குளிர்ந்த வேளையில் அந்த ஒரு மூட்டைப் பற்றவைக்க வேண்டும். நம் குழாய் 12 மீட்டர் என்றால் பன்னிரண்டு மூட்டுக்கு ஒன்று. பதினொன்றை வெயிலில் வையுங்கள், ஒன்றை விடியலில் வையுங்கள். ஒரு வெல்டரும் ஒரு உதவியாளரும் காலை நாலு மணிக்கு வந்தால் ஆறரைக்குள் முடியும் வேலை. அவர்களுக்கு அதற்கான தனிக் கூலியை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், ஒப்பந்ததாரரின் தயவில் விடாதீர்கள்.

இத்தனை ஆண்டுகளாக ஒன்றும் ஆகவில்லையே என்பது அடுத்த எதிர்ப்பு. ஆகவில்லை என்று எப்படித் தெரியும்? வெடித்த ஒவ்வொரு மூட்டுக்கும் நாம் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். "வெல்டிங் கோளாறு", "மண் இறங்கிவிட்டது", "கரும்பு லாரி ஏறிவிட்டது". இவற்றில் எத்தனை உண்மை, எத்தனை கத்திரியில் பூட்டி மார்கழியில் விட்டுப்போன மூட்டு என்று பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது. பிரிப்பதற்கு வேண்டிய ஒரே எண்ணை நாம் எழுதவில்லை. டிசம்பரிலும் ஜனவரியிலும் கசிவு கூடுகிறதா என்று உங்கள் பராமரிப்புப் பதிவேடுகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். நீண்ட வறட்சிக்குப் பிறகு முதன்முதலில் தண்ணீர் விட்ட வாரத்தின் கசிவுகளைத் தனியாக எண்ணிப் பாருங்கள். நான் சொல்வது தவறென்றால் அந்தப் பதிவேடே சொல்லட்டும், ஏற்றுக்கொள்கிறேன்.

என் கோரிக்கை இதுதான். அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் இந்த வாசகத்தைச் சேருங்கள்: "பாதையின் ஒவ்வொரு இணைப்பு மூட்டும், ஒவ்வொரு விரிவு மூட்டும் பொருத்தப்படும் வேளையில், குழாயின் மேல்புறத்திலும் அடிப்புறத்திலும் தகட்டின் வெப்பநிலையைத் தொடு வெப்பமானியால் அளந்து, நாள், மணி, விரிவு மூட்டின் இடைவெளி ஆகியவற்றுடன் அளவுப் புத்தகத்தில் பதிய வேண்டும். இப்பதிவு இல்லாத மூட்டுக்குப் பட்டியல் தொகை வழங்கப்படாது." கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். அதுதான் மற்றதை நடக்கவைக்கும். அதே எண்ணை முடிவு வரைபடத்திலும், வால்வுத் தொட்டியின் உட்சுவரில் அழியாத பெயின்டிலும் எழுதச் சொல்லுங்கள். இருபது ஆண்டு கழித்து நள்ளிரவில் டார்ச் விளக்கோடு அந்தத் தொட்டிக்குள் இறங்கப்போகும் உதவிப் பொறியாளர் இன்று பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கிறார். கோப்பைத் தேட அவருக்கு நேரம் இருக்காது.

வடிவமைப்பு அறிக்கையில் காலிக் குழாயின் உச்ச வெப்பநிலையையும், நிறைந்த குழாயின் தாழ்ந்த வெப்பநிலையையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். பாலக் குழாய்களின் விரிவு மூட்டு இடைவெளியை மே மாதம் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை அளந்து குறியுங்கள். ஓர் அளவுகோலும் பத்து நிமிடமும் போதும். இரண்டு அளவும் ஒன்றாகவே இருந்தால் மூட்டு நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அது சிக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

வெப்பமானியை முதல் நாள் எப்படிப் பிடிப்பது, வெயில் படும் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் வரும், விடியலில் எந்த வேளையில் இரண்டும் சமமாகும் என்பதையெல்லாம் தளத்தில் நின்று காட்டினால் ஒரே காலையில் புரிந்துவிடும். உங்களில் யாருடைய பாதையில் அப்படியொரு மூட்டு வரப்போகிறதோ, முதல் நாள் மாலையில் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். எந்த மாவட்டமானாலும் இரவு பஸ் பிடித்து நாலு மணிக்குள் வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குழாய்ப் பாதைப் பொறியாளர் ஒருவர்